வந்தவரை எரிச்சல்படுத்தாத இணையதளம்: தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்னவென்று பார்க்க வேண்டியிருந்தது. பேருந்தில் நின்றுகொண்டே போனில் அந்தக் கல்லூரியின் தளத்தைத் திறந்தேன். முதலில் "அறிவிப்புகள் அனுப்பலாமா" என்று ஒரு பெட்டி வந்தது, அதை மூடினால் சேர்க்கை விளம்பரம் ஒன்று திரை முழுக்க விரிந்தது, அதை மூடும் பெருக்கல் குறி திரைக்கு வெளியே எங்கோ இருந்தது, எப்படியோ தள்ளி மூடிவிட்டுப் பார்த்தால் மேலே ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எழுத்தில் "கட்டணம்" என்ற சொல் கண்ணில் பட்டது, விரல் வைப்பதற்குள் நகர்ந்து போய்விட்டது. கடைசியில் அந்தத் தேதி, ஸ்கேன் செய்து ஏற்றிய ஒரு சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கோணலாக இருந்தது. ஒரே ஒரு வரி. அதற்கு இருபது நிமிடம் ஆனது.

அந்தத் தளத்தைச் செய்தவர் யாரையும் படுத்த நினைத்திருக்க மாட்டார். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கேட்டதால் வந்து சேர்ந்திருக்கும். நான் சில வருடங்களாகக் கடைகள், பள்ளிகள், சிறு மருத்துவமனைகள், ஒரு சிற்றிதழ் என்று சின்னச் சின்னத் தளங்கள் செய்து கொடுத்து வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: தளத்துக்கு வருகிறவர் கையில் ஒரு வேலையோடு வருகிறார். எரிச்சல் தருகிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள், அவருடைய வேலைக்கு முன்னால் தளம் தன் வேலையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். கீழே உள்ள படிகளை நான் ஒரு தளத்தைச் சரிசெய்யும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்கள், தளம் செய்து தருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகவும் இதைப் படிக்கலாம்.

படி 1: எதற்கு வருகிறார்கள் என்று எழுதி வையுங்கள்

இதற்குக் கணினியே வேண்டாம். உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் வரும் அழைப்புகளில் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு பல் மருத்துவமனைக்கு இப்படிச் செய்தபோது நான்கு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. டாக்டர் இன்று இருக்கிறாரா, எத்தனை மணி வரை, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது, பல் எடுக்க எவ்வளவு ஆகும். அப்போது அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் இருந்தவை நிறுவனரின் படம், ஒரு வரவேற்புரை, மாறி மாறி நகரும் ஐந்து பெரிய படங்கள். அந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட முதல் திரையில் பதில் இல்லை. மாற்றிய பிறகு முதல் திரையில் இன்றைய நேரம், தொட்டால் அழைப்பு போகும் போன் எண், "பேருந்து நிலையத்துக்கு எதிரில், மருந்துக்கடை மாடியில்" என்ற வழி, கட்டணப் பட்டியலுக்கு ஒரு லிங்க் என்று நான்கையும் வைத்தோம். நிறுவனர் படம் "எங்களைப் பற்றி" பக்கத்துக்குப் போனது, அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அந்த நகரும் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத் தளத்தில் இதை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் அந்தப் படங்களைத் தொட்டிருந்தார், அப்படித் தொட்டவர்களிலும் பெரும்பாலோர் முதல் படத்தையே தொட்டிருந்தார்கள். ஐந்து படம் வைக்க இடம் இருந்தால் ஒரே ஒரு நல்ல படத்தை வைத்து, மீதி இடத்தை அந்த நான்கு கேள்விகளுக்குக் கொடுங்கள்.

முகவரியும் போன் எண்ணும் எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்குள் எழுதிய போன் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, நகலெடுத்து வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது.

படி 2: சீக்கிரம் திறக்க வேண்டும்

காத்திருப்பதைப் பற்றிப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றும் அப்படியே பொருந்துகின்றன. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் தொட்டதும் நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் மனம் வேறு எங்கோ போய்விடும். கூகுள் இப்போது கேட்பது இதை ஒட்டியதுதான்: பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரு பட்டனைத் தொட்டால் 200 மில்லி நொடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும், அதுவும் வருகைகளில் முக்கால் பங்குக்காவது இப்படி இருக்க வேண்டும். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் இந்த எண்கள் வரும். அதில் மொபைல் பக்கத்தைப் பாருங்கள், டெஸ்க்டாப் எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள்.

அலுவலகத்து வைஃபையில், நல்ல லேப்டாப்பில் எந்தத் தளமும் வேகமாகத்தான் இருக்கும். குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் இணைப்பைச் செயற்கையாக மெதுவாக்கும் வசதி இருக்கிறது, அதில் மெதுவான 4ஜி என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு உங்கள் தளத்தைத் திறங்கள். அதைவிட நல்லது, வீட்டில் இருக்கும் நான்கு வருடப் பழைய விலை குறைந்த போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில் போய் நின்று பார்ப்பது.

தளம் கனத்துப் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் படங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடுவார்கள், ஒரு படமே 5 எம்பி இருக்கும், திரையில் அது தீப்பெட்டி அளவில்தான் தெரியும். அகலத்தை 1,200 திரைப்புள்ளிகளுக்கு (பிக்சல்) குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால், பெரும்பாலான படங்கள் பார்க்கும் தரம் கெடாமலே 200 கேபிக்குக் கீழே வந்துவிடும். இரண்டாவது காரணம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய துண்டுகள்: பகிர்வு பட்டன்கள், அரட்டைப் பெட்டி, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் இரண்டு மூன்று கருவிகள். ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டி "இதை நாம் கடைசியாக எப்போது பார்த்தோம்" என்று கேளுங்கள். பதில் வராததை நீக்கிவிடுங்கள்.

அப்புறம் பக்கம் குதிப்பது. படித்துக்கொண்டிருக்கும்போது மேலே தாமதமாக ஒரு படமோ விளம்பரமோ வந்து இறங்க, வரி கீழே போய்விடும், நீங்கள் தொட நினைத்த இடத்தில் விளம்பரம் வந்து நிற்கும், விரல் அதில் பட்டுவிடும். எனக்கு இணையத்தில் மிகவும் கோபம் வருவது இதற்குத்தான், ஏனென்றால் தப்பு நம்முடையது போலத் தோன்றச் செய்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவைத்தால் உலாவி அந்த இடத்தைக் காலியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். விளம்பரம் வரும் இடத்துக்கும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். பாதி நாள் வேலைகூட இல்லை.

படி 3: தமிழ் எழுத்தைத் தமிழாகவே நடத்துங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் ஆங்கில வழிகாட்டிகளில் இது கிடைக்காது, நம் தளங்கள் பல இங்கேதான் இடறுகின்றன.

முதலில், எல்லாம் யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டில், இருக்கிறதா என்று பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கங்கள் இன்னும் பல தளங்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும், தேடுபொறியிலும் அகப்படாது. தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பழையதை மாற்றித்தரும் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்துரு விஷயத்தில் என் பரிந்துரை எளிமையானது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசம், திரையில் படிக்கவும் சுகமானவை. ஒரே ஒரு குடும்பம், சாதாரணம் ஒன்று தடித்தது ஒன்று, போதும். எழுத்துரு வந்து சேரும் வரை பக்கத்தை வெறுமையாக வைக்காமல், போனில் இருக்கும் எழுத்துருவிலேயே முதலில் காட்டும்படி அமைப்பு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அளவும் இடைவெளியும் ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கில் சரிவராது. தமிழில் கொம்பும் சுழியும் மேலே போகும், உகரக் குறிகள் கீழே இறங்கும், வரிக்கு வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல் வரியின் 'ஞு'வும் கீழ் வரியின் 'கீ'யும் உரசிக்கொள்ளும். எழுத்தின் அளவு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் அதைப்போல 1.7 மடங்கு என்று வைத்துப் பாருங்கள், அம்மா கண்ணாடி போடாமலே படித்துவிடுவார். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும் அலங்காரம் வேண்டாம், துணைக்காலும் புள்ளியும் விலகித் தனியாக நிற்பது போல் ஆகிவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனி வடிவம் கிடையாது, உலாவி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். இரண்டு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று வரிகளை இழுத்துக் கட்டாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, போனின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், அவற்றுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரம் நேராக, வலது ஓரம் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும்.

பட்டன்களில் சொல்லைச் சுருக்குங்கள். "சமர்ப்பிக்கவும்" என்று போட்டுவிட்டு அது பெட்டிக்குள் அடங்காமல் "சமர்ப்பிக்க..." என்று வெட்டுப்பட்டு நிற்பதைவிட "அனுப்பு" என்று எழுதலாம். "உள்நுழைவு", "வெளியேறு", "பணம் கட்டு", "அடுத்து" எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆங்கிலத்தில் செய்த தளத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தால் முகப்புப் பக்கம் "வீடு" என்று வந்து நிற்கும். நம் ஆள் ஒருவர் எல்லாச் சொல்லையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்பது அனைவருக்குமான அணுகலுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து லேப்டாப்பில் அழகாக இருக்கலாம், மதிய வெயிலில் கடைத்தெருவில் நிற்பவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். கூடவே, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு சொல்லால் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பார்வையற்றவர்களின் போனில் உள்ள திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

தளத்துக்குள் தேடுபெட்டி இருந்தால் அதைத் தமிழில் சோதியுங்கள். "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரங்கள்" வருகிறதா? 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடுபெட்டிக்கு இரண்டும் வேறு வேறு. ஔவையாரை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவையார்" என்று தட்டச்சு செய்பவர்கள் எத்தனையோ பேர். யூனிகோடிலேயே இதைச் சீராக்கும் முறை உண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாக அனுப்பினால் ஒகரக் குறிச் சிக்கல் தீரும். ஔவையாருக்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். கடை நடத்துபவர்கள் ஆங்கில எழுத்தில் "வெந்தயம்" என்று தட்டினாலும் பொருள் வரும்படி ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்துவையுங்கள்.

படி 4: வாசலை மறிக்காதீர்கள்

தனியாக எழும்பி வரும் விளம்பரச் சாளரத்துக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1990-களில், யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தை உருவாக்க இடம் தந்த டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மன்தான் அதற்கான நிரலை எழுதியவர். ஒரு கார் நிறுவனம், ஆபாசமான பக்கத்தில் தங்கள் விளம்பரம் வந்துவிட்டதே என்று பதறியது, விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனிச் சாளரத்தில் காட்டுவது அதற்கு அவர் கண்ட வழி. 2014-இல் அவரே அதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். உலாவிகள் அந்தச் சாளரங்களைத் தடுக்கத் தொடங்கியதும், அவை பக்கத்தின் உள்ளேயே மேலடுக்காக மாறிக்கொண்டன.

உலாவிகளும் தேடுபொறியும் இவற்றோடு போராடி வந்திருக்கின்றன. போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டிகள் உள்ள பக்கங்களை 2017 ஜனவரியிலிருந்து தேடல் முடிவுகளில் கீழே தள்ளக்கூடும் என்று கூகுள் அறிவித்துச் செய்தது. 2018-இல் குரோம், ஒலியோடு தானாக ஓடும் வீடியோக்களைத் தடுக்கத் தொடங்கியது. 2020 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸும் குரோமும் "அறிவிப்பு அனுப்பலாமா" என்ற கேள்வியை ஓரத்துக்கு ஒதுக்க வழிசெய்தன. உலாவி செய்பவர்களே இவ்வளவு தூரம் தடுக்கப் பார்க்கும் ஒன்றை நாம் நம் தளத்தில் ஏன் வைக்க வேண்டும்?

செய்ய வேண்டியது: வந்த உடனே எதையும் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் சேர அழைக்க வேண்டுமா, கட்டுரையின் கடைசியில் ஒரு பெட்டி வையுங்கள், முழுக்கப் படித்தவர்தான் அங்கே வருவார், அவர்தான் சேரவும் சேருவார். ஆப் இருக்கிறதா, மேலே ஒரு மெல்லிய பட்டையில் சொல்லுங்கள், ஒரு முறை மூடினால் திரும்ப வரக்கூடாது. வீடியோவை அவர் தொட்டால் ஓடட்டும். ஓடும் எழுத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் தானாக நகரும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று அணுகல் விதிகளே சொல்கின்றன, ஓடும் எழுத்தில் லிங்க் வைப்பது கை நடுங்கும் பெரியவர்களுக்குச் செய்யும் கொடுமை.

குக்கி, அதாவது தளம் நம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு, அதற்கு ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஐரோப்பாவில் நம் தமிழ் வாசகர்கள் நிறைய இருப்பதால் இது நமக்கும் பொருந்தும். ஐரோப்பிய விதியின்படி, தளம் இயங்க அவசியமான குக்கிகளுக்கு ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. பின்தொடரும் விளம்பரங்களும் கருவிகளும் இல்லாத சின்னத் தளத்துக்கு அந்தப் பெட்டியே தேவைப்படாது. அவை இருந்தால், மறுக்கும் பட்டனும் ஏற்கும் பட்டனைப் போலவே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறுப்பதை ஏற்பதைவிடக் கடினமாக்கியதற்காகப் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் விதித்தது.

வலது சொடுக்கைத் தடுப்பது, எழுத்தை நகலெடுக்க விடாமல் பூட்டுவது, இவற்றையும் எடுத்துவிடுங்கள். திருடுபவரை இது தடுக்காது. ஒரு வரியை மேற்கோள் காட்ட நினைத்த வாசகரையும், ஒரு சொல்லுக்குப் பொருள் தேட நினைத்த மாணவரையும்தான் தடுக்கும்.

படி 5: படிவம்

தளத்தை விட்டு மனிதர்கள் அழாத குறையாகப் போவது இங்கேதான்.

பெயரில் தொடங்குவோம். என் அம்மாவுக்கு ஒரே பெயர், முன்னால் தாத்தாவின் பெயரின் முதலெழுத்து. ஒரு பயணத் தளத்தில் "கடைசிப் பெயர்" கட்டாயம் என்றது. இனிஷியலைப் போட்டால் மூன்று எழுத்தாவது வேண்டும் என்றது. புள்ளி வைத்தால் சிறப்புக் குறிகள் கூடாது என்றது. கடைசியில் பெயரையே இரண்டு முறை போட்டோம், அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கிறதே என்று பயணம் முடியும் வரை அம்மாவுக்குப் பதற்றம். தமிழ்ப் பெயருக்கு முன்பாதி பின்பாதி கிடையாது. "முழுப் பெயர்" என்று ஒரே ஒரு பெட்டி வையுங்கள், அதில் புள்ளி, இடைவெளி, ஒற்றை எழுத்து எல்லாம் போகட்டும். பிரிட்டன் அரசின் தளமே ஒரே பெயர்ப்பெட்டியைத்தான் தன் வடிவமைப்புக் கையேட்டில் பரிந்துரைக்கிறது.

தமிழில் பெயர் எழுதினால் நீளக் கணக்கும் மாறும். "மீனாட்சிசுந்தரம்" நமக்கு 9 எழுத்து. யூனிகோடுக் கணக்கில் அது 16 குறி, சேமிக்கும்போது 48 பைட். 40 பைட் என்று தரவுத்தளத்தில் அளவு வைத்திருந்தால் அவர் பெயர் பாதியில் வெட்டுப்படும். நிரல் எழுதுபவரிடம் இந்த ஒரு பெயரைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், "ஸ்ரீ"யையும் சேர்த்து.

போன் எண்ணுக்கும் பின்கோடுக்கும் எண் விசைப்பலகை தானாக வர வேண்டும். 91 சேர்த்துப் போட்டாலும், நடுவில் இடைவெளி விட்டாலும், ஏற்றுக்கொண்டு நீங்களே சுத்தம் செய்துகொள்ளுங்கள், கணினிக்கு அது ஒரு வரி வேலை. பிறந்த தேதிக்கு நாள்காட்டியைக் காட்டி, 1958-க்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் தள்ள வைக்காதீர்கள். நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டியில் தட்டவிடுங்கள்.

ஓடிபி வந்ததும் போனே அதை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். ஆறு தனிப் பெட்டி வைத்தால் ஒட்டும்போது ஒரு இலக்கம் மட்டும் முதல் பெட்டியில் விழும், ஒரே பெட்டி போதும். பாஸ்வேர்டை ஒட்ட முடியாமல் தடுக்கும் தளங்கள் பாதுகாப்புக்காகச் செய்வதாக நினைக்கின்றன. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் ஒட்ட அனுமதிக்கச் சொல்கிறது, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும், காரணமில்லாமல் மாதாமாதம் மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்கிறது.

படம் ஏற்றச் சொல்லும் இடத்தில் "20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள்" என்று போடுகிறார்களே, அதனால் எத்தனை பேர் பிரவுசிங் சென்டரில் போய்க் காசு கொடுத்து ஒரு படத்தைச் சுருக்கி வருகிறார்கள் தெரியுமா? படத்தை வாங்கிக்கொண்டு தளமே சுருக்கிக்கொள்ள முடியும். முடியும்போது அந்த வேலையை விண்ணப்பிக்கும் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது.

பிழை இருந்தால் அந்தப் பெட்டிக்குக் கீழேயே, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். "தவறான உள்ளீடு" என்பதில் ஒன்றும் இல்லை. "பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கிறது" என்றால் உடனே திருத்துவார். முக்கியமாக, ஒரு பெட்டியில் பிழை இருந்ததற்காக மற்ற இருபது பெட்டிகளில் அவர் எழுதியதை அழித்துவிடாதீர்கள். "நேரம் முடிந்தது" என்று வெளியே தள்ளுவதற்கு முன் எச்சரித்து, ஒரு தொடுதலில் நேரத்தை நீட்டிக்க வழி கொடுங்கள். எல்லாவற்றையும் அழிக்கும் "ரீசெட்" பட்டன் எந்தப் படிவத்திலும் வேண்டாம், அனுப்பு பட்டனுக்குப் பக்கத்தில் அது இருந்து கை தவறிப் பட்டவர்கள் திரும்ப எழுதவே மாட்டார்கள்.

தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. புடவை அனுப்ப முகவரியும் போன் எண்ணும் போதும், பிறந்தநாள் எதற்கு? ஒவ்வொரு பெட்டிக்கும் நேராக "இது எதற்கு" என்று எழுதிப் பாருங்கள், பாதி காலியாகிவிடும்.

படி 6: பணம் வாங்கும் இடத்தில் நேர்மை

ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு "டார்க் பேட்டர்ன்" என்ற பெயரை 2010-இல் வைத்தவர் ஹாரி பிரிக்னல். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டது. "இன்னும் இரண்டுதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே கூடையில் காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும் வாசகம் எழுதுவது, சேருவதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்குவது, விலையைக் கடைசித் திரையில் ஏற்றுவது எல்லாம் அதில் இருக்கின்றன.

சின்னக் கடைகள் இதில் வேண்டுமென்று விழுவதில்லை, வாங்கிய டெம்ப்ளேட்டோடு கூடவே வந்துவிடுகிறது. கீழே ஓடும் "15 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்ற கடிகாரம் பக்கத்தைப் புதுப்பித்தால் திரும்ப 15-லிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் எடுத்துவிடுங்கள். கூரியர் செலவைப் பொருள் பக்கத்திலேயே சொல்லுங்கள்: "தமிழ்நாட்டுக்குள் 60 ரூபாய், வெளியே 110." திருப்பி அனுப்பும் விதியையும் அங்கேயே, இரண்டு வரியில்.

படி 7: வழி தவறாமல் இருக்க

பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் முன்பிருந்த பக்கம், முன்பிருந்த இடத்திலேயே வர வேண்டும். கீழே போகப் போக முடிவில்லாமல் புதியது வந்துகொண்டே இருக்கும் அமைப்பு இதை முதலில் கெடுக்கும், பக்கத்தின் அடியில் உள்ள தொடர்பு எண்ணையும் எட்ட முடியாமல் செய்யும். "மேலும் 20 காட்டு" என்று ஒரு பட்டன் போதும். ஒரு கட்டுரையை ஐந்து பக்கமாக வெட்டாதீர்கள். லிங்க் பார்த்தால் லிங்க் என்று தெரிய வேண்டும், "இங்கே சொடுக்கவும்" என்பதற்குப் பதில் "2025 கட்டணப் பட்டியல்" என்று அதன் பெயரையே எழுதுங்கள். பட்டன்கள் விரலுக்கு எட்டும் அளவில் இருக்கட்டும், 24 பிக்சலுக்குக் குறையவே கூடாது, 44 இருந்தால் நல்லது. பிடிஎஃப் அச்செடுக்க மட்டும், விஷயத்தைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள். எந்த அறிவிப்புக்கும் தேதி போடுங்கள்.

படி 8: ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

நீல்சன் 2000-இல் எழுதியது போல, ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும். அதிலும் உங்கள் தளத்தை இதுவரை பார்க்காதவர்களாக, வயதிலும் போனிலும் வேறுபட்டவர்களாக இருக்கட்டும். காய்கறிக்கடை அண்ணன், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர்களுடைய போனையே பயன்படுத்தச் சொல்லுங்கள். "தளம் எப்படி இருக்கிறது" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒரு வேலையைக் கொடுங்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் இருப்பாரா என்று கண்டுபிடிங்க."

அதற்கப்புறம் வாயைத் திறக்காதீர்கள். இது கஷ்டம். அவர் தப்பான இடத்தைத் தொடும்போது "மேலே பாருங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாமல், எங்கே தயங்கினார், எதைத் தொட்டு ஒன்றும் நடக்காமல் விழித்தார், எங்கே புருவம் சுருங்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மூன்று குறைகளைத் தேர்ந்தெடுத்து அந்த வாரமே சரிசெய்யுங்கள். மூன்று மாதம் கழித்து வேறு ஐந்து பேர்.

அந்தப் பல் மருத்துவமனைத் தளத்தை முடித்துவிட்டு எங்கள் தெரு ஆசிரியை ஒருவரிடம் இப்படித்தான் கொடுத்தேன். நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கட்டணப் பட்டியலில் எண்கள் சின்னதாக இருந்ததால் இரண்டு விரலை வைத்து விரித்தார், பக்கம் அசையவில்லை. மறுபடி விரித்தார். "என் போன் பழசுப்பா, அதுக்கு இதெல்லாம் வராது போல" என்று போனைத் துடைத்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். நான் எடுத்துப் போட்டிருந்த டெம்ப்ளேட்டில் பெரிதாக்குவதைத் தடுக்கும் ஒரு சொல் இருந்தது. அன்று இரவே அதை எடுத்தேன், மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், போன் நன்றாகத்தான் இருக்கிறது டீச்சர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலை அவர் கையாலேயே பெரிதாக்கிப் பார்க்க வைத்தேன்.